முந்தி எடுத்த குரல்

11 ஜூன் 2018, திங்கள்

இசைத்தட்டில் பிரமுவின் குரல் இன்று கேட்கவில்லை. ஊசி தேய்ந்திருக்க வேண்டும்.

பின்னாளில் இந்தக் குறிப்பைப் புரட்டும்போது எனக்கே ஐயம் எழக்கூடாது என்பதற்காக விவரத்தை முறையாக எழுதி வைக்கிறேன். என் மனைவி பிரமநாயகி, கடந்த பிப்ரவரி 19, திங்கட்கிழமை காலை, வாசலில் பூக்காரியிடம் முழம் குறைகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தபோது வாய் கோணிச் சரிந்தாள். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சு அடியோடு நின்றது. மூளையில் பேச்சுக்கு உரிய பகுதி சிதைந்துவிட்டது, இனித் திரும்புவதற்கில்லை என்றார் மருத்துவர். நான் கேட்டுக்கொண்டதன்பேரில் அதை எழுதியும் கொடுத்தார். சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். வாய்மொழியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்வது என் வழக்கமன்று.

ஆக, அவளுடைய குரல் இனி உலகில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மகள் உமையாளின் கைப்பேசியில் உள்ள படங்களிலெல்லாம் பிரமு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடுகிறாள். ஒரு சொல் பேசவில்லை. மீதம் இருப்பது ஓர் ஏழங்குல இசைத்தட்டு. வெள்ளிமலை நூற்பாலையின் வெள்ளி விழாவுக்காக 17 நவம்பர் 1974, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் பதிவு செய்தது. ஆலைப் பள்ளியின் ஆசிரியைகள் பதினொருவர் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். பிரமு அவர்களில் ஒருத்தி. அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று.

இரண்டாம் சரணத்தில் "இராவை நூற்றுத் தீர்த்த கைகள்" என்று முடித்து, ஒரு தாளம் பொறுத்து, "விடியலை நெய்யட்டுமே" என்று எல்லோரும் எடுக்க வேண்டும். பிரமு பொறுக்கவில்லை. மற்றவர்களுக்கு அரைத் தாளம் முன்னதாகவே எடுத்துவிட்டாள். "விடி" என்ற இரண்டு எழுத்து மட்டும், பதினோரு பேரில் அவள் ஒருத்தியின் குரலில் தனியே நிற்கிறது. திரும்பப் பதிவு செய்ய நேரமில்லாமல் அப்படியே தட்டாகிவிட்டது.

அந்த இரண்டு எழுத்தைத்தான் இன்று காணோம். தபலா திடமாகக் கேட்கிறது. பெண்கள் பாடுவதோ, சுவருக்கு அப்பால் யாரோ பாடுவது போலிருக்கிறது.

பிரமுவை வழக்கப்படி பிளேயருக்கு அருகில் மெத்தை போட்ட நாற்காலியில் அமர்த்தியிருந்தோம். உதடு லேசாக அசைந்தது. வேறு மாற்றமில்லை.

14 ஜூன் 2018, வியாழன்

ஊசித்தலையின் மேல் ஒரு நாலணாக் காசை வைத்து ஒட்டினேன். ஊசி அழுந்திப் படிந்தால் ஒலி தடிக்கும். தட்டு தாவாமலிருக்கத் தேநீர்க் கடைகளிலும் கல்யாண மைக்செட்காரர்களிடத்திலும் அந்நாளில் எல்லோரும் செய்ததுதான். சற்றுத் தேறியிருப்பதாகவே தோன்றுகிறது.

24 ஜூன் 2018, ஞாயிறு

பிரமுவைக் கவனிக்க வந்திருக்கும் மூன்றாவது பெண் இந்தச் சலேத். மணப்பாட்டுக்காரி, வயது நாற்பத்தைந்து இருக்கலாம். தூக்கி உட்கார வைப்பதிலும் துடைத்து விடுவதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். முந்தைய இருவரிடத்திலும் இதே குறை இருந்தது. குக்கர் ஆறேழு முறை கூவியும் நான் அடுப்பை அணைக்கவில்லை என்று இன்று குற்றம் சாட்டினாள். குக்கர் கூவவே இல்லை. குண்டு பழுது, புதிது வாங்க வேண்டும்.

மாலையில் பெங்களூரிலிருந்து உமையாள் பேசினாள்.

"அப்பா, எதுக்கு இப்படிக் கத்துதீங்க?"

"நீ முணுமுணுத்தா நான் என்ன செய்ய?"

"நான் எங்கப்பா முணுமுணுக்கேன்? காத ஒரு தடவ காட்டிட்டு வாங்கன்னு போன வருசமே சொன்னேன்."

இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு தட்டுகளைத் துடைத்தேன். மாதத்தின் கடைசி ஞாயிற்றில் செய்வது. ஒவ்வோர் உறையின் பின்புறமும் வலது கீழ் மூலையில், வாங்கிய தேதியைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். அவற்றை வரிசையாகப் படித்தாலே எங்கள் வாழ்க்கை வந்துவிடும். நாகஸ்வர நீள்தட்டு: 9 மார்ச் 1979, உமையாள் பிறப்பதற்கு முதல் நாள், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பிரமு இடுப்பைப் பிடித்தாள். வீணைத் தட்டு: 30 அக்டோபர் 1983, சங்கரன்கோவிலுக்கு மாற்றல் வந்த வாரம், வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறிய பின்பும் இதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஓர் உறையில் தேதிக்குப் பக்கத்தில் மஞ்சள் விரல் தடம். அம்மியிலிருந்து எழுந்து வந்து தொட்டாள் என்று அன்று கோபித்துக்கொண்டேன். தடத்தை அழிக்கவில்லை.

3 ஜூலை 2018, செவ்வாய்

சலேத் இன்று ஒரு செய்தி சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

"சார், அம்மா பாடுதாவ."

"யாரு?"

"அம்மாதான். நீங்க அந்தப் பாட்டப் போடும்போது கூடவே பாடுதாவ. பேச்சுதான் வரல, பாட்டு வருது. வார்த்தையோட வருது."

"நான் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்?"

"உங்க பக்கத்துலதான் பாடுதாவ. நீங்க பிளேயருக்குள்ள தலைய விட்டுக்கிட்டில்லா இருக்கிய."

தண்ணீர் வேண்டும் என்ற ஒரு சொல்லைச் சொல்ல இயலாதவள் பாட்டுப் பாடுவாளா? மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தாள்ல என்ன எழுதியிருந்தா என்ன சார், வாயில வருதே" என்றாள்.

உதடு அசைவதை நானும் கண்டிருக்கிறேன். நரம்புத் துடிப்பு அது. வீட்டுக்காரர்களின் மனம் குளிரும்படி எதையாவது சொல்லி வேலையை நிலைப்படுத்திக்கொள்வது இவர்கள் இயல்பு.

8 ஜூலை 2018, ஞாயிறு

பெண் பார்க்கப் போன நாள் 1 பிப்ரவரி 1976. அன்றும் ஞாயிறு. ஆலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. மாமனார் இந்தத் தட்டைப் போட்டு, "நம்ம பிள்ளையும் இதுல பாடியிருக்கா" என்றார். பதினோரு குரலில் எது உங்கள் பெண்ணுடையது என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவோரம் நின்றவள்தான் பதில் சொன்னாள்:

"ரெண்டாவது சரணத்துல எல்லாருக்கும் முன்னால ஒருத்தி விழுந்தடிச்சு எடுப்பா. அந்த அவசரக்காரி நான்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன். தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் அன்றுதான். உறையில் தேதி இருக்கிறது.

அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் போட்டுக் காட்டாமல் நான் விட்டதில்லை. அந்த இடம் வரும்போது ஆள்காட்டி விரலைத் தூக்கி, "இதோ" என்பேன். சரியாக அந்த நேரத்தில் பிரமுவுக்கு எப்போதும் அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு முறை, உமையாளின் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டார் போன பிறகு, "எத்தன வருசத்துக்கு என் தப்பையே எல்லாருக்கும் போட்டுக் காட்டுவிய? அதுக்குப் பொறவு நான் ஒழுங்காத்தான் பாடியிருக்கேன்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

19 ஜூலை 2018, வியாழன்

நாலணா போதவில்லை. ஒரு ரூபாய்க் காசை மேலே சேர்த்தேன். பாட்டு முடியும் முன்பே பிரமு இடக்கையை நீட்டி, காசைப் பிய்த்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். தட்டின் குறுக்கே ஊசி கிறீச்சிட்டது என்று சலேத் காதைப் பொத்தினாள். பிரமுவின் விரல்களைப் பிரிக்க இருவரும் முயன்றோம், முடியவில்லை. பளபளப்பான பொருளைக் கண்டால் குழந்தைகள் பற்றிக்கொள்வது போலத்தான் இதுவும் என்று நினைக்கிறேன். மனம் வேதனைப்பட்டது. எட்டு ஊருக்குக் கணக்குச் சொல்லும் மூளை அவளுடையது.

வேறு காசு வைத்து மறுபடி போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

2 ஆகஸ்ட் 2018, வியாழன்

இரண்டு வாரத்தில் ஊசித்தலையின் மேலிருந்த காசு நான்கு முறை காணாமற்போயிருக்கிறது. நான் குளிக்கவோ கடைக்கோ போய்த் திரும்புவதற்குள் நடக்கிறது. வீட்டில் இருப்பவர் மூவர். ஒருத்தி நடக்க இயலாதவள்; அன்று என் கண்ணெதிரே பற்றியது குழந்தைத்தனம், ஒளித்து வைக்கும் சாமர்த்தியம் இனி அவளுக்கு ஏது? ஆகவே சலேத்தைக் கூப்பிட்டு நேரடியாகவே கேட்டேன்.

அவள் சற்று நேரம் பிரமுவைப் பார்த்தாள். பிரமு ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒத்த ரூவாயத் திருடதுக்கா சார், ரெண்டு பஸ் மாறி வாரேன்?"

"தொகை பெரிசா சின்னதாங்கிறது கேள்வி இல்ல."

"அப்ப எழுதி வச்சுக்கிடுங்க. சலேத் எடுத்தான்னு தேதி போட்டு எழுதி வச்சுக்கிடுங்க."

தாம்பாளத்தை வைத்த வேகத்தில் அது தரையில் சுற்றி விழுந்தது. எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

4 ஆகஸ்ட் 2018, சனி

காப்பியில் சர்க்கரை இல்லை. நேற்றும் இல்லை.

15 ஆகஸ்ட் 2018, புதன்

ஐந்து ரூபாய்க் காசு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று, நூல் சுற்றிக் கட்டினேன். இனி யாராலும் எடுக்க இயலாது. காலையிலும் மாலையிலும் பலமுறை போட்டுப் பார்க்கிறேன். தபலாகூட இப்போது ஒரு மாதிரி கரகரக்கிறது. மின்சார அழுத்தம் குறைவாக இருக்கலாம்.

26 ஆகஸ்ட் 2018, ஞாயிறு

தளவாய் வந்திருந்தார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் என்னை விட அதிகமாகத் தட்டு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதை நான் மறுப்பதற்கில்லை. பிரமு உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் கை விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினால் அவர்.

"நாலு தடவ கூப்பிட்டாச்சுவே. வாசல்ல நின்னு மணி அடிச்சு அடிச்சு விரலே வலிக்கு."

"மணி ரிப்பேரு."

"மணி ரிப்பேரு இல்லவே."

அந்தப் பேச்சை வளர்க்காமல் பிளேயரிடம் அழைத்துச் சென்றேன். பெண்கள் குரல் அமுங்கிப்போவதற்கு என்ன காரணம் என்று அவரைக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அவர் ஊசித்தலையைப் பார்த்தார். அதன்மேல் நூல் சுற்றியிருந்த காசைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"என்னவே இது?"

"பாரம். ஊசி அழுந்தட்டும்னு."

"டீக்கடைக்காரன் வச்சான்னா, அவன் ஆறு மாசத்துல தட்ட வீசிட்டு வேற வாங்குவான். நீரு எதுல வச்சிருக்கீரு? எத்தன நாளா?"

"ஜூன் பதினாலுல இருந்து."

தட்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். எனக்கும் காட்டினார். கறுத்துப் பளபளக்க வேண்டிய வரிகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. தேங்காய் நார் போட்டுத் தேய்த்த வாணலி மாதிரி.

"மெல்லிசான சத்தம் எல்லாம் வரியோட ஓரத்துலதான்வே இருக்கும். பொம்பளக் குரலு, ஜால்ரா, சின்னச் சின்ன எழுத்து. மொதல்ல சாவது அதுதான். உழுதுபோட்டிருக்கீரு. எதுக்குவே வச்சீரு?"

"பிரமு குரல் கேக்கல. அதுக்காகத்தான்."

அவர் தட்டை உறையில் இட்டார். பிறகு, குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டும், வாயசைவில்தான் எனக்குப் பிடிபட்டது:

"ஜூன்ல தட்டு நல்லாத்தான் இருந்திருக்கும். கேக்காமப் போனது உமக்குவே."

என் வீட்டில் நின்றுகொண்டு இப்படிப் பேச எவருக்கும் உரிமை கிடையாது என்று சொன்னேன். அவர் காப்பி குடிக்காமலேயே போய்விட்டார். அவரிடம் இரவல் வாங்கியிருந்த இரண்டு தட்டுகளை நாளையே ஆட்டோவில் அனுப்பிவிடுவேன்.

காசுகளை அவிழ்த்து மேசை இழுப்பறையில் போட்டேன். அவர் சொன்னதனால் அல்ல.

6 செப்டம்பர் 2018, வியாழன்

பத்து நாளாகப் பிளேயரை மூடி வைத்திருக்கிறேன். காலையில் பிரமு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று நான் பக்கத்தில் அமர்ந்து அவளுக்குக் கஞ்சி புகட்டும்போது இடக்கையை உயர்த்தி என் காதைத் தொட்டாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டாள். மறுபடி என் காது, மறுபடி தொண்டை. தொண்டை கட்டியிருக்கிறது என்று விளங்கிக்கொண்டு மிளகு தட்டி வெந்நீர் கொடுத்தேன். வாயைத் திறக்க மறுத்தாள். கண்ணில் நீர் வந்தது. மிளகின் காரமாக இருக்கும்.

சலேத் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் நான் படுத்திருந்தபோது இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிரமு சலேத்தின் தொடையில் இடக்கையால் தட்டுவதையும் சலேத் சிரிப்பதையும் கதவிடுக்கில் கண்டேன். அடிக்கிற பழக்கமும் வந்துவிட்டது போலும். மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

21 செப்டம்பர் 2018, வெள்ளி

காலை ஏழரைக்கு இரண்டாவது தாக்குதல். இம்முறை மூச்சும் சேர்ந்து தடுமாறியது. ஆம்புலன்சில் நானும் சலேத்தும் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். செவிலிப் பெண் மூன்று முறை சொன்னதாகச் சலேத் பிற்பாடு சொன்னாள்.

24 செப்டம்பர் 2018, திங்கள்

பிரமநாயகி, வயது 65. காலை 6.40.

10 அக்டோபர் 2018, புதன்

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உமையாள் என்னைக் கேட்கவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் காது பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். எதிர்த்துப் பேசும் நிலையில் நானும் இல்லை. கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தும்படி சொன்னார்கள். வெகு நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். சோதனை இன்னும் தொடங்கவில்லை என்றே நினைத்தேன்.

வரைபடத்தில் கோடு, இடப்பக்கம் நேராக வந்து, பாதியில் மலையிலிருந்து விழுவது போல் கீழே விழுந்தது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிய குரலெல்லாம் நழுவிவிடும் என்று சோதனை செய்த பெண் தாளில் எழுதிக் காட்டினாள்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

ஐந்தாறு வருடமாகவாவது இருக்கும் என்று எழுதினாள். சரியான தேதி சொல்ல முடியாதாம்.

பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தோம். பிறகு உமையாள் என் காதருகில் குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அம்மா மார்ச்ல எனக்குப் போன்ல பாடிக் காட்டுனாப்பா. ரெண்டு வரி. நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க 'சரி சரி, நல்லது'ன்னு சொல்லி வச்சுட்டீங்க."

எனக்கு நினைவில்லை. அந்த மாதத்துக் குறிப்புகளில் அப்படி எதுவும் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

29 அக்டோபர் 2018, திங்கள்

காதுக் கருவி வந்து பொருத்தியாயிற்று. வீடு சந்தைக் கடை மாதிரி இருக்கிறது. மின்விசிறி முனகுகிறது. என் செருப்புக்குச் சத்தம் இருக்கிறது. சத்தம் நின்றுபோனது என்று நினைத்திருந்த சுவர்க்கடிகாரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உமையாள் ஊருக்குப் போகுமுன் சோறு வைத்தாள்; குக்கர் கூவிய கூச்சலில் தம்ளரைக் கீழே போட்டேன். அலமாரியில் நான் வாங்கி அடுக்கிய புதுக் குண்டுகள் மூன்றும் அப்படியே உறையில் இருக்கின்றன.

அவள் ரயிலேறிய பிறகு தட்டைப் போட்டேன். பாரம் எதுவும் வைக்கவில்லை. மழை பெய்வது போல் ஓர் இரைச்சல். அதற்குள் எங்கோ தபலா. பெண்கள் ஒருவரும் இல்லை. அந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. இரைச்சலுக்குள் எந்த இடமும் ஒன்றுதான். காது கேட்கிறது. கேட்பதற்குத்தான் இல்லை.

நாற்காலியை உள்ளே போடலாம் என்று மெத்தையைத் தூக்கினேன். அடியில் காசுகள் கிடந்தன. நாலணா ஒன்று. மற்றவை ரூபாய்க் காசுகள். சிலவற்றில் நான் ஒட்டிய பசை நாடா இன்னும் இருந்தது.

நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் ஊசித்தலை எட்டும். உட்கார்ந்து பார்த்தேன். இடக்கைக்கு நன்றாகவே எட்டும்.

4 நவம்பர் 2018, ஞாயிறு

சலேத் வந்திருந்தாள். இப்போது மகாராஜநகரில் வேறொரு வீட்டில் வேலை. பூசை முடிந்து நேராக வந்திருக்கிறாள். பாவாடை நாடாவில் முடிந்த சாவிக்கொத்து அவள் நடக்கும்போது சத்தமிடுவதை இன்றுதான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழம கல்லறைத் திருநாளு சார். எங்க ஆட்களுக்கு ஏத்துன கையோட அம்மாவுக்கும் ஒரு திரி ஏத்துனேன். தப்பா நெனச்சுக்கிடாதிய."

இல்லை என்றேன். உட்காரச் சொன்னேன். அவள் தரையில் அமரப்போனாள், நாற்காலியைக் காட்டினேன். அந்த நாற்காலி வேண்டாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காசு அகப்பட்டுது, சலேத்" என்றேன். "மெத்தைக்கு அடியில."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"மெத்தயத் தெனமும் தட்டிப் போடுதவ நான்தான? அம்மா ஒளிச்சு வச்சத எடுத்து உங்க கையில குடுத்துட்டு, பொறவு அம்மா மூஞ்சில எப்படி முழிக்க?"

"நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாம்."

"கோவந்தான். ரெண்டு நாளு உங்க காப்பியில சீனி போடல."

எழுதி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தமுண்டு என்பதும் எனக்குப் புதிது. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் மனத்துக்குள் அமைத்து வைத்திருந்தேன். எழுவாயும் பயனிலையும் சரியாகத்தான் இருந்தன. அதற்குப் பதிலாக,

"அந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம? அம்மாகிட்டப் படிச்சதுதான. நீங்க பிளேயர மூடி வச்ச பொறவு மத்தியானம் மத்தியானம் அதுதான் எங்களுக்கு வேல."

"பாடு."

"எனக்குக் கோயில் பாட்டு இழுவைதான் வரும். சிரிக்கக் கூடாது."

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குரல் கட்டையானது. பல்லவியை ஒரு படி தாழ்த்தியே எடுத்தாள். முதல் சரணத்தில் ஒரு சொல்லைத் தின்றுவிட்டாள். நான் திருத்தவில்லை. இரண்டாம் சரணம் வந்தது. "இராவை நூற்றுத் தீர்த்த கைகள்" என்று முடித்தாள். நாற்பத்திரண்டு வருடத்துப் பழக்கம். என்னை அறியாமல் விரல் எழும்பிவிட்டது.

சலேத் எடுக்கவில்லை. வாயை மூடி, தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதன் பிறகுதான் "விடியலை" என்று எடுத்தாள். சரியாக, எடுக்க வேண்டிய இடத்தில்.

கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்தாள்.

"என்ன சார், தப்பா? இங்கன ஒரு தட்டுப் பொறுக்கணும். அம்மா பொறுத்துதான் எடுப்பாவ. பிளேயரு ஓடும்போதும் அப்படித்தான், அதுல ஒரு பொண்ணு முந்தி ஓடிரும், அம்மா தலைய ஆட்டிக்கிட்டுப் பொறுத்து எடுப்பாவ. நான் முந்திட்டேன்னா தொடையில ஒரு அடி விழும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒரு தடவகூட முந்துனதில்ல."

அதாவது ஜூனிலும் ஜூலையிலும், நான் பிளேயருக்குள் தலையைச் சாய்த்து, காசின் மேல் காசாக வைத்து, அந்த ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு முழ தூரத்தில் அவள் அதைத் திருத்திப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கேட்க வேண்டும் என்று.

விரலை மடக்கிக்கொண்டேன்.

"இன்னொரு தடவ பாடு" என்றேன். "ரெண்டாவது சரணம் மட்டும்."

பாடினாள். "கைகள்" வரை வந்து, ஒரு தட்டுப் பொறுத்தாள். கடிகாரம் கேட்டது. மின்விசிறி கேட்டது. தெருவில் யாரோ தீபாவளிக்கு முன்கூட்டியே வெடித்துப் பார்த்த ஒரு வெடி கேட்டது. அந்த இடத்தில் வேறு ஒருவரும் முந்தி எடுக்கவில்லை.